ரெண்டாவது திமில்

— போக்கா! கம்ப்யூட்டராவது கத்திரிக்காயாவது... தொட்டியில க்ரீம் கலக்கினவன் நான். மெஷின் நிக்கவே இல்ல.

— நிக்கலையா? சரிடா தம்பி. திரையில இந்தக் கோட்டைப் பாரு.

— ஏதோ மலை மாதிரி இருக்கு.

— க்ரீம்ல எண்ணெய்த் துளியெல்லாம் என்ன சைஸ்ல வரும்னு முன்கூட்டியே நான் போட்ட கணக்கு. ஒரே மேடு. எல்லாம் பொடித் துளி.

— பக்கத்துல?

— நேத்து நீ கலக்கினதை மைக்ராஸ்கோப்ல அளந்தது.

— ஐயய்யோ... ஒட்டகமாட்டம் ரெண்டு திமில்!

— அந்த ரெண்டாவது, பெரிய துளி. அது இருந்தா க்ரீம் பிரிஞ்சு கெட்டுடும். எங்கேர்ந்து வந்துச்சுன்னு மண்டையை உடைச்சுக்கிட்டேன்.

— உன் கணக்கு தப்பா இருக்கும்.

— தப்புன்னா என் கம்ப்யூட்டர் வேலையையே இழுத்து மூடிடறேன்னுட்டார் மேனேஜர்.

— அப்படியா சொன்னார்...

— நடுவுல மெஷின் நின்னா துளியெல்லாம் ஒண்ணோடொண்ணு ஒட்டிப் பெருத்துடும்டா. அதனால நிறுத்திப் பார்த்தேன்.

— மெஷினையா?

— கம்ப்யூட்டர்லதான், மண்டு! ஆரம்பத்துல நிறுத்தினா பொருந்தல. கடைசியில நிறுத்தினாலும் பொருந்தல. பாதிக்குக் கொஞ்சம் முன்னாடி, ரெண்டே நிமிஷம்... இந்தா, பாரு.

— அச்சு அசலா... அதே திமில்!

— எனக்கும் உடம்பெல்லாம் சிலிர்த்துடுச்சு.

— கதவு சாத்தியிருந்துச்சே... உள்ள நான் மட்டும்தானே...

— பாதிக்கு முன்னாடின்னா, அப்ப மணி என்ன?

— பதினொண்ணே கால்... அக்கா, வேணாம்.

— உன் மக எத்தனை மணிக்குப் பொறந்தா?

— அப்பத்தான். நர்ஸ் போன் போட்டு, "அழறா, கேளுங்க"ன்னாங்க. மெஷின் சத்தத்துல ஒண்ணும் கேக்கல. அதை அணைச்சுட்டேன். அப்புறம்... அப்பப்பா! என்ன கத்து கத்தினா தெரியுமா!

— அடி என் தங்கமே! அவ பொறந்த நேரம் தொட்டி முழுக்கப் பதிஞ்சு கிடக்குடா!

— நம்பவே முடியலக்கா. எண்ணெய்த் துளிக்கு இவ்வளவு தெரியுமா?

— உள்ள போன் கொண்டுபோனாலே வேலை போயிடும். தெரியும்ல?

— தெரியும். போனா போகட்டும். உன் கணக்குக்கு முன்னாடி என் வேலை எம்மாத்திரம்! வா, மேனேஜர்கிட்ட நானே ஒத்துக்கறேன்.

— உட்காருடா.

— இல்லக்கா, அவர் கிளம்பறதுக்குள்ள...

— அவரைக் காலையிலயே பார்த்துட்டேன். அந்தத் தொட்டியைக் கொட்டிடச் சொல்லிட்டேன்... மெஷின் மேல குத்தமில்ல, என் கணக்குதான் தப்புன்னும் சொல்லிட்டேன்.