பூக்கடைக் குளிர் அறையில் எட்டு மருந்துக் குப்பிகள்

பெயர் அடையாள அட்டையில் உள்ளபடி. ஆனால் அந்தப் பெயரில் என்னை யாரும் கூப்பிடுவதில்லை. கடைத்தெருவில் 'பிரிட்ஜ் அக்கா' என்று கேட்டால் வீட்டைக் காட்டுவார்கள். வயது நாற்பத்தொன்று. தொழில் குளிர்பெட்டி பழுது பார்ப்பது. முகவரி, பேருந்துப் பணிமனைக்குப் பின்புறம் மாவு மில் மாடி. உடன் வசிப்பவர்கள், சலவைக்கூடத்தில் வேலை செய்யும் என் தங்கையும் எட்டு வயதான அவள் மகனும். பையனை வீட்டில் வாலு என்போம்.

மேற்படி பையனுக்குப் பிறவியிலேயே நோயை எதிர்க்கும் சக்தி இல்லை. இது தெரிய மூன்று வருடம் ஆயிற்று. காதில் சீழ், நுரையீரலில் சளி என்று மாதம் தவறாமல் மருத்துவமனைக்கு ஓடினோம். பூஞ்சை உடம்பு என்று சொல்லாத உறவினர் இல்லை. அதன் பிறகு ஒரு டாக்டரம்மா வாயைத் திறக்கச் சொல்லி, டார்ச் அடித்துப் பார்த்து, "டான்சிலையே காணோமே, ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றோம். அதன் பிறகு, அம்மா வழியில் ஆண் குழந்தை யாராவது சின்ன வயதில் இறந்ததுண்டா என்று கேட்டார். எங்கள் தம்பி ஐந்து வயதில் காய்ச்சலில் போனான். மழையில் விளையாட விட்டதால்தான் போனான் என்று அம்மா சாகும்வரை தன்னையே திட்டிக்கொண்டிருந்தாள்.

ரத்தப் பரிசோதனையில் எதிர்ப்புப் பொருள் ஏறக்குறைய பூஜ்யம் என்று வந்தது. பெண்கள் வழியாக வந்து ஆண் பிள்ளையைப் பிடிக்கும் கோளாறு, அதனால்தான் டான்சிலும் வளரவில்லை என்று டாக்டரம்மா விளக்கினார். தங்கை அழுதாள். எனக்கு நிம்மதிதான் வந்தது, ஏனென்றால் பெயர் தெரிந்த கோளாறுக்கு மருந்தும் இருந்தது. அம்மா இதைக் கேட்க உயிரோடு இல்லையே என்பது மட்டும் எனக்கு இன்றும் ஆறவில்லை.

மற்றவர்கள் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்த எதிர்ப்புப் பொருள்தான் மருந்து. ஞாயிறுதோறும் இரண்டு குப்பி, வயிற்றுத் தோலுக்கடியில் வீட்டிலேயே ஏற்றுகிறோம். அதன் பிறகு பையன் பள்ளிக்கூடம் போகிறான், மரம் ஏறுகிறான், வாத்தியாரிடம் அடியும் வாங்குகிறான். போன வருடம் மருந்து வராமல் மூன்று வாரம் தவறியதில், பதினோரு நாள் ஆக்சிஜன் வைத்துப் படுத்திருந்தான். மருந்தை இரண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள் வைக்க வேண்டும். சூடு பட்டாலும் கெடும், உறைந்தாலும் கெடும்.

நேற்று சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு எங்கள் பகுதியின் மின்மாற்றி வெடித்தது. மாதத்துக்கான எட்டுக் குப்பிகளையும் பனிக்கட்டிப் பெட்டிக்கு மாற்றினேன். நண்பகலில் பனிக்கட்டி தண்ணீராகிவிட்டது. வாங்கலாம் என்று தேடினால் எங்கும் கிடைக்கவில்லை. ஐஸ்கிரீம் கடைக்காரர், "அக்கா, என் பெட்டில போடுங்க, கல்லு மாதிரி இருக்கும்" என்றார். "கல்லு மாதிரி ஆகக் கூடாதுன்னுதான் தலையால தண்ணி குடிக்கிறேன், நீங்க வேற!" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அதன் பிறகு பூக்கடை ஞாபகம் வந்தது. அந்தக் குளிர் அறையை நான்கு டிகிரியில் நிற்கும்படி அமைத்துக் கொடுத்தது நானே. கரண்ட் போனால் ஜெனரேட்டர் தானாக ஓடும். பூக்கடைக்காரர் வெளியூர் போயிருந்தார், போனை எடுக்கவில்லை. ஒன்றே காலுக்குப் பூட்டை உடைத்தேன். 'உடைத்தது நான், பிரிட்ஜ் அக்கா' என்று போன் நம்பரோடு எழுதிக் கதவில் ஒட்டினேன். அந்தக் காகிதம்தான் இப்போது உங்கள் மேசையில் முதல் சான்றாக இருக்கிறது.

உள்ளே இடம் இல்லாததால் ரோஜா வாளிகள் நான்கை வெளியே எடுத்து வைத்தேன். மருந்தின் குளிரையே நினைத்துக்கொண்டு பூவின் குளிரை மறந்துவிட்டேன். இருபது வருடம் குளிரோடு பிழைக்கிறவள் செய்யக்கூடாத தவறு. மாலையில் பூக்கடைக்காரர் வந்தபோது கல்யாணத்துக்கான மொட்டுகள் அத்தனையும் மலர்ந்து கிடந்தன. "மொட்டு கேட்டவங்களுக்கு நான் எதைக் கொடுப்பேன்?" என்று கத்தினார். அவர் கோபம் நியாயமானது.

அதன் பிறகு அவர் கூப்பிட்டு வந்த காவலர், குப்பிகளோடு நான் வைத்திருந்த ஊசியையும் குழாயையும் பார்த்து, "என்னம்மா வியாபாரம் இது?" என்று கேட்டுவிட்டு எட்டுக் குப்பிகளையும் கைப்பற்றினார். நான் போட்ட கூச்சலில் அவற்றை நிலையத்தின் குளிர்பெட்டியில் வைத்தார்கள். அந்தப் பெட்டி பன்னிரண்டு டிகிரி காட்டியதால், அதன் கதவு ரப்பரை அங்கேயே கழற்றிச் சரி செய்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

இன்று ஞாயிறு. காலை பத்து மணிக்கு வந்து மருந்தைக் கேட்டேன். நீதிமன்ற உத்தரவு வேண்டும், பத்து நாள் ஆகலாம் என்றார் எழுத்தர். ஆக்சிஜன் வைத்த நாட்களைச் சொன்னேன். ஆய்வாளர் மருத்துவமனைச் சீட்டை இரண்டு முறை படித்தார். அதன் பிறகு, "சான்றுப் பொருள் ஸ்டேஷனை விட்டு வெளிய போகக் கூடாது. உள்ளயே ஏத்தக் கூடாதுன்னு எங்கயும் எழுதல. பையனைக் கூட்டிட்டு வாங்க" என்றார்.

தங்கை பையனோடு வந்தாள். கைகழுவி, பெஞ்சில் துணி விரித்து, இரண்டு ஊசி போட்டு, மருந்தை மெதுவாக ஏற்றும் சின்னப் பம்பை ஓடவிட்டோம். அதன் பிறகுதான் இந்த வாக்குமூலத்தை எழுத ஆரம்பித்தார்கள். எழுத்தர் நடுவில் நிறுத்தி, "வலிக்குதாடா?" என்று கேட்டார். "நீங்க எழுதுங்க சார், பெரியம்மா வேகமாப் பேசும், விட்டுடுவீங்க" என்றான் பையன். வாசலில் நின்று பார்த்த பூக்கடைக்காரர், "பூட்டுக்குப் புகார் இல்ல, பூவுக்கு உண்டு" என்றார். ஒப்புக்கொண்டேன்.

நான் இதைச் சொல்லி முடிக்கும்போது மருந்தும் ஏறி முடிந்தது. கைப்பற்றிய குப்பிகளில் ஆறை நிறைந்தபடியும் இரண்டைக் காலியாகவும் திரும்ப ஒப்படைக்கிறேன். அந்த இரண்டில் இருந்த மருந்தையும் நீதிமன்றத்தில் காட்டித்தான் ஆகவேண்டும் என்றால் பையனைத்தான் கூட்டி வர வேண்டும். அவன் ஓரிடத்தில் நிற்க மாட்டான் என்பதை முன்கூட்டியே தெரிவித்துக்கொள்கிறேன்.

எழுதியதை வாசிக்கக் கேட்டேன். நான் சொன்னதில் கூடவும் இல்லை, குறையவும் இல்லை; அனைத்தும் உண்மை.

(கையொப்பம்)