கலண்டரின் பின்பக்கம்

"என்ட கலண்டருக்குப் பின்னால ஒரு காடே வளர்ந்திருக்கு அக்கா."

வெள்ளவத்தைச் சந்தையடியில் பஸ் ஏறி, என் முன் இருக்கையில் அமர்ந்த இளம் தாய் இப்படித்தான் பேச்சைத் தொடங்கினாள். அருகில் அவளுடைய பக்கத்து வீட்டு அக்கா. ஆஸ்பத்திரியில் இருக்கும் குழந்தையைப் பார்க்கப் போகிறார்கள்.

"பிள்ளைக்கு நிமோனியா எண்டுதானே சொன்னவை?"

"ஓம். மருந்து மாத்தி மாத்திக் குடுத்தும் கேக்கேல்லை. இப்ப நெஞ்சில பூஞ்சணமா இருக்குமோ எண்டு டொக்டருக்குச் சந்தேகம். அந்த டெஸ்ட் அங்க இல்லையாம், வெளியில அனுப்பி மறுமொழி வர நாளாகுமாம். அதுவரைக்கும் எங்களைத்தான் கேள்வி கேக்கிறார். வீட்டுச் சுவரில பூஞ்சணம் இருக்கோ எண்டார். எனக்குக் கோவம் வந்திட்டுது. நாங்க வெள்ளிக்கு வெள்ளி வீடு கழுவுறனாங்கள் எண்டு பெருமையாச் சொல்லிப்போட்டன்."

"பிறகு?"

"இருமல் எப்ப தொடங்கினது எண்டார். தொட்டிலுக்கு மேல இருக்கிற கலண்டரில ஒவ்வொரு நாளும் குறிச்சிருக்கிறன் எண்டன். கெட்டிக்கார அம்மா எண்டு சொல்லி, அதைப் படம் எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். இண்டைக்குக் காலமை படம் எடுக்க வெளிச்சம் காணாதெண்டு கலண்டரைக் கழட்டினன். பின்பக்கம் முழுக்கக் கறுப்புப் பூஞ்சணம். தைப்பொங்கலுக்கு ஆக்கள் வந்தா சுவரில இருக்கிற கறை தெரியக்கூடாதெண்டு அதில கொழுவினதே நான்தான். என்ட மூளையைப் பாருங்கோ."

போனில் இரண்டு படங்களைக் காட்டினாள்: கலண்டரின் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று.

அக்கா குரலைத் தாழ்த்தினாள். "டொக்டருக்கு முன்பக்கத்தை மட்டும் காட்டினாப் போதாதோ?"

"அதைத்தானே அக்கா தைப்பொங்கலில இருந்து செய்துகொண்டிருக்கிறன்."