பின் சீட்டுக்கு அடியில்

மாலை ஆறே முக்கால். நீர்த்தேக்கத்தைச் சுற்றிப் போகும் சாலை. அதில் ஒரே ஒரு கார்... அதுவும் நின்றுவிட்டது.

"நீயா கதை சொல்றே? வகுப்புல பேர் கூப்பிட்டாலே உன் குரல் வெளிய வராது!" என்றாள் மேல் கட்டில்காரி.

விடுதியில் மின்சாரம் போயிருந்தது. ஐந்து பேர், இரண்டு போர்வை, ஒரு மெழுகுவர்த்தி.

"கதை இல்லடி. என் தோழியோட அப்பாவுக்கு நடந்தது. அவளும் அந்தக் கார்ல இருந்தா. அப்ப அவளுக்கு ஒன்பது வயசு."

யாரும் சிரிக்கவில்லை. சொன்னேன்.

அப்பா மெக்கானிக். சொந்தப் பட்டறை. உதவிக்கு அம்மா மட்டும்தான். அந்தக் காரில் பெட்ரோல் டாங்க் பின் சீட்டுக்கு அடியில் இருந்தது. டாங்குக்குள் ஒரு பம்ப். சாவியைப் பாதி திருப்பினால் இரண்டு விநாடி முனகும். ம்ம்ம்... அதுதான் பெட்ரோலைக் குழாய் வழியே முன்னால் தள்ளும். அங்கே இன்ஜெக்டர்கள் அதைப் பனிபோலத் தூவும். பம்ப் ஓடாவிட்டால் ஒரு சொட்டுகூட முன்னால் போகாது.

பழுது பார்க்கும்போது அம்மா சாவியைத் திருப்புவாள். அப்பா பின் சீட்டில் காதை வைத்துக் கேட்பார். வேண்டுமென்றே அம்மாவும் கூடச் சேர்ந்து, "ம்ம்ம்..." என்பாள்.

"உங்க பம்பைவிட நான் நல்லாப் பாடுறேன்ல?"

"ஆமா. அதைக் கழட்டிட்டு உன்னைத்தான் டாங்குல போடணும்."

எஞ்சினை அணைத்தாலும் குழாயில் அழுத்தம் போகாது. மணிக்கணக்கில் அப்படியே தங்கியிருக்கும். அதனால் குழாயைத் திறக்கும் முன் பம்பின் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, எஞ்சின் தானாக அணையும்வரை ஓட விட வேண்டும். அப்பா ஆயிரம் முறை செய்த வேலை.

ஒருநாள் அவசரம்.

"ஃபியூஸ் எடுத்தீங்களா?" என்று அம்மா கேட்டாள்.

"எடுத்தாச்சு, எடுத்தாச்சு."

எடுக்கவில்லை. குழாயைத் திறந்ததும் சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் பீய்ச்சியடித்தது. தீ அவர் பக்கம் திரும்பியது. அம்மா பாய்ந்து அவரைத் தள்ளிவிட்டாள்... அவர் நின்ற இடத்தில் இப்போது அவள். தீ அவளைப் பிடித்தது.

ஆஸ்பத்திரியில் மூன்று நாள். முகம் முழுக்கக் கட்டு. எதைக் கேட்டாலும் "ம்" மட்டும்தான். அப்பா வார்டுக்கு வெளியே நின்றார். அவளிடம் கேட்க அவருக்கு ஒன்று இருந்தது. உள்ளே போகக் கால் வரவில்லை. நான்காம் நாள் போனார். கட்டில் காலி.

எட்டு மாதம் கழித்துத்தான் அந்த மாலை. அத்தை வீட்டிலிருந்து திரும்பும் வழி. கார் நின்றதும் அப்பா பின் சீட்டைத் தூக்கிப் பார்த்தார். பம்புக்குப் போகும் ஒயர் உருகி, அறுந்து தொங்கியது.

"இனிமே நகராதும்மா."

போனில் சிக்னல் இல்லை. இருட்டிவிட்டது. தண்ணீர் கரையில் மோதும் சத்தம்... வேறு ஒன்றுமில்லை.

"ஒரே ஒரு தடவை சாவியைத் திருப்புங்கப்பா."

பிள்ளையின் மனசுக்காகத் திருப்பினார்.

ம்ம்ம்...

பின் சீட்டுக்கு அடியிலிருந்து. இரண்டு விநாடியில் அது நிற்கவில்லை. அவர் கை தானாகச் சாவியை முழுக்கத் திருப்பியது. எஞ்சின் பிடித்துக்கொண்டது.

காருக்குள் தீக்காயக் களிம்பின் வாசனை.

ஒன்பது கிலோமீட்டர். இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நடுநடுவே அந்த முனகல் நிற்கும். கார் குலுங்கும். மறுபடி ம்ம்ம்... மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்வது போல. மேட்டில் ஏறும்போது அது கரகரத்தது. உடைந்தது. ஆனால் விடவில்லை.

வீட்டு வாசலில் அப்பா காரை நிறுத்தினார். சாவியைத் தொடவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, கண்ணாடியைப் பார்க்காமல், அந்த ஒன்றைக் கேட்டார்.

"இன்னும் எரியுதா?"

முனகல் நின்றது. எஞ்சின் அணைந்தது. முகப்பு விளக்கு மட்டும் கதவில் விழுந்துகொண்டிருந்தது. வெகுநேரம்...

பிறகு பின்னாலிருந்து, மிகச் சின்னதாக,

"ம்."