ஈரம் ஏறாத தரை

வீடு வாங்க வருகிறவர்கள் எல்லாரும் கூரையைத்தான் அண்ணாந்து பார்க்கிறார்கள். நீங்கள் ஒருவர்தான் குனிந்து தரையைப் பார்த்தீர்கள், மஃறூப் முதலாளி. கந்தப்பளையில் இத்தனை வருஷம் கடை நடத்துகிறவர் வேறு எப்படி இருப்பார்? அஸ்திவாரம் எப்படி என்று கேட்டீர்கள். ஒரு கதவுக்கும் ஏன் கொண்டி இல்லை என்றும் கேட்டீர்கள். முதலாவதைச் சொன்னால் மற்றது தானாக வந்துவிடும். தேநீர் ஆறுகிறது, குடியுங்கள்.

ஐம்பத்தாறாம் வருஷம் வைகாசியில் கட்டத் தொடங்கினேன். அப்போது நான் இதோ இந்தத் தேயிலைத் தோட்டத்தில் கண்டாக்கு, துரைக்குக் கீழே நின்று வேலை வாங்குகிற உத்தியோகம். தொழிலாளிக்குச் சாணி மெழுகிய தரை, கணக்கப்பிள்ளைக்குச் சிமெந்துப் பூச்சு, துரைக்கு மட்டும் கொங்கிரீட் என்றிருந்த காலம். நடுவில் நிற்கிற கண்டாக்கு எந்தப் பக்கத்து மனுஷன் என்பதை நான் நாலு பேருக்குத் தெரியப்படுத்த வேண்டியிருந்தது. டை கட்டிய என் படத்தோடு அழைப்பிதழ் அடித்தேன். முதல் கலவையைத் துரை கையால் போடுவதாக ஏற்பாடு. அதற்கென்று ஒரு மண்வெட்டியின் பிடிக்கு வெள்ளிப் பூண் போட்டு வைத்தேன்.

விழா வாரத் தொடக்கத்தில் அஸ்திவாரத்தைப் பார்வையிடப் போனேன். கோட்டும் தொப்பியுமாகத்தான். கைத்தடியை வெட்டியிருந்த கிடங்கில் ஊன்றினேன். பிடுங்கியபோது அந்தத் துளையில் தண்ணீர் ஊறி நின்றது. மேசன் சோலைமலை பீடியைக் காதில் செருகிக்கொண்டு பக்கத்தில் வந்தான்.

"ஊத்துத் தண்ணிங்க ஐயா. நேத்து வாளி போட்டு எறச்சோம், இன்னைக்கும் அதே அளவு நிக்குது. கண்டாக்கையா வீடு கட்டுறாரா, கெணறு வெட்டுறாரான்னு லயத்துல கேக்குறாங்க."

"யாரு கேட்டது?"

"எல்லாருந்தாங்க. கொழுந்து நிறுக்கிற எடத்துல இதே பேச்சுதான். தொரைக்கு ஒரு தூண்டிலு வாங்கி வைக்கச் சொல்றாங்க."

நான் கோபப்படவில்லை. துரை தண்ணீரில் நிற்பதையும், கொழுந்துக் கூடைகளுக்குப் பின்னால் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு பெண்கள் நிற்பதையும் நினைத்துப் பார்த்தேன், அவ்வளவுதான்.

மனைக்கு மேலே தோட்டத்துப் பழைய வடிகான் ஒன்று மூடிக் கிடந்தது. அதை வெட்டித் திறந்தால் ஊற்று அந்த வழியாக இறங்கிவிடும். கான் வெட்டுவிப்பது என் உத்தியோகம். அது முடிகிற இடம் தொழிலாளிகள் குடியிருக்கிற மேட்டு லயத்தின் பின்சுவருக்கு மேலே இருக்கிற மண்திட்டு. ஏன் மூடியிருந்தார்கள் என்று கேட்பீர்கள். ஒரு தடவை அங்கே மண் சரிந்தது, ஒரு கோழிக்கூடு போயிற்று. அன்றைக்கு ஆள் வைத்து மூடியவனும் நான்தான். மறுபடி திறக்கவைத்தேன், இரண்டு நாளில் என் கிடங்கு காய்ந்து தூசி பறந்தது.

சற்று இருங்கள். மழை பிடித்துவிட்டது, பின்பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன்.

ஒன்றுமில்லை. வழக்கமாகப் பார்ப்பதுதான்.

மேட்டு லயத்தின் கடைசிக் காம்பராவில் பேச்சியம்மா என்று ஒருத்தி இருந்தாள். பிள்ளை பெற்று மூன்று மாதம் ஆகியிருந்தது. கிடங்கடிக்கே வந்துவிட்டாள்.

"ஐயா, ஒங்க வீட்டுத் தண்ணிய எங்க சுவத்துக்கு அனுப்பிட்டீங்களே. சுவரு வேர்க்குதுங்க."

"சுவருக்குக் காய்ச்சலா இருக்கும். டிஸ்பென்சரிக்குக் கூட்டிட்டுப் போ."

எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"சிரிங்க. தொரை வர்ற அன்னைக்கு, ஒங்க வெள்ளி மம்பட்டிக்கு முன்னாலயே நின்னு சொல்றேன்."

மரியாதைக் குறைவாகப் பேசுகிறவர்களை நான் மனதில் வைத்துக்கொள்வதில்லை. கொங்கிரீட் போட்டு முடித்ததும் கானை மூடிவிடுவதாகத்தான் எண்ணம்.

விழா அன்று விடியற்காலையிலிருந்தே மழை. மேட்டு லயத்து ஆட்களை எல்லாம் கலவைச் சட்டி சுமக்க எடுத்திருந்தேன். தோட்டத்துக் கணக்கில் பேர் மட்டும் தேயிலை மலையில் வேலை செய்ததாக விழுந்தது. வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக்காம்பரா ஆயாவையும் எடுத்ததால் அன்றைக்குப் பிள்ளைக்காம்பரா பூட்டியிருந்தது. அதனால் பேச்சியம்மா குழந்தையோடு வீட்டில் இருந்திருக்கிறாள். எனக்கு அது தெரியாது. விசாரணையிலும் அப்படித்தான் சொன்னேன்.

துரை வந்தார், குடைக்குக் கீழே நின்று கலவையை மண்வெட்டியால் ஒரு தள்ளுத் தள்ளினார், சப்பாத்தைப் பார்த்துக்கொண்டார், போனார். மேளக்காரர்கள் வாசித்து முடிக்கவில்லை. கலவையைப் பாதியில் நிறுத்தினால் தளத்தில் ஒட்டு விழும் என்று சோலைமலை சொல்லியிருந்தான். ஆகவே வேலை நடந்துகொண்டிருந்தது. அப்போதுதான் மேலே மண் இறங்கியது. பெரிய சத்தம் இல்லை. நனைந்த மூட்டையை யாரோ இறக்கி வைத்த மாதிரி.

சட்டிகளைப் போட்டுவிட்டு ஓடினார்கள். சோலைமலையும் ஓடினான். கொஞ்ச நேரத்தில் மண்வெட்டி கேட்டு வந்தார்கள், கிடந்ததை எல்லாம் கொடுத்தேன். வெள்ளிப் பூண் போட்டதைக் கொடுக்கவில்லை. அதை வைத்துத்தான் மிச்சக் கலவையை நானே இழுத்துச் சமப்படுத்தினேன், கோட்டோடு. முன்னறையில் மெல்லிய கோடு ஒன்று பார்த்தீர்களே, அவர்கள் ஓடிய இடம் அது. விற்கிறவன் குறையை மறைக்கக்கூடாது. குறை அது ஒன்றுதான்.

கடைசிக் காம்பராவில் இரண்டு உயிர். மரண விசாரணைக்கு வந்தவர் காரணம் மழை என்று எழுதினார். மழைதான். மற்றக் காம்பராக்களில் ஆளே இல்லை, எல்லாரும் இங்கே சட்டி சுமந்துகொண்டிருந்தார்கள். அந்த விதத்தில் என் வீடு எத்தனையோ உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. இதை யாரும் சொல்வதில்லை.

இருங்கள், பின்பக்கம்... வேண்டாம். இப்போதுதான் பார்த்தேன்.

கொண்டியைக் கேட்டீர்கள். லயத்துக் காம்பராவுக்கு ஒரே கதவு, முன்பக்கம். துரை வருவதற்கு முன் நான் அந்த வழியாகப் போனேன். வெளிக்கொண்டியைப் போட்டால் துரை போகும்வரை பேச்சியம்மாவால் வர முடியாது. போனதும் திறந்துவிடலாம். கலவை இருந்ததால் முடியவில்லை. கதவைச் சாத்தியபோது உள்ளேயிருந்து குரல் வந்தது.

"யாருங்க அது? புள்ள இப்பதான் கண்ண மூடுச்சு. மெதுவா சாத்துங்க."

மெதுவாகத்தான் சாத்தினேன்.

கதவு மண்ணோடு போனது, கொண்டியை யாரும் பார்க்கவில்லை. இந்த வீட்டுக்குக் குடிவந்த பிறகு கதவு சாத்தியிருந்தால் எனக்குத் தூக்கம் பிடிப்பதில்லை. தச்சனைக் கூப்பிட்டு எல்லாக் கொண்டியையும் கழற்றச் சொன்னேன். காற்றோட்டத்துக்காக என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் எழுந்துவிட்டீர்கள், முதலாளி? போகலாம், கதவு திறந்துதான் இருக்கிறது. போவதற்கு முன் ஒரு தடவை குனிந்து இந்தத் தரையில் கையை வைத்துப் பாருங்கள். வெளியே இவ்வளவு மழை, உள்ளே ஒரு சொட்டு ஈரம் இருக்கிறதா?