நாலு மணிக்கு எழும்பும் கதவு

மூதூர் போகும் லோஞ்சுப் படகில் எனக்கு முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும். கணவருடைய காலடியில், சாக்கில் சுற்றிய இரும்புத் துண்டொன்று கிடந்தது.

"இஞ்சாருங்கோ, நேற்றும் கதவு தானா எழும்பினது" என்றார் அந்த அம்மா.

"எழும்பும்தானே. ஏலத்தில மலிவா எடுத்த களஞ்சியத்துச் சுருள் கதவு. எங்கட கராச்சுக்கு அளவா நான் தகட்டையெல்லாம் அரைவாசியா வெட்டிப்போட்டன். ஸ்பிரிங் இன்னும் முழுக் கதவெண்டு நினைச்சுத் தூக்குது. பூட்டுக் கொளுவவும் ஏலாமல் கிடக்கு."

"வேலை தெரிஞ்ச ஒரு ஆளைப் பிடிச்சுப் பொருத்தியிருக்கலாம்."

"ஒரு கதவுக்கு ஆளோ? இந்த இரும்பை அடியில கட்டினா அசையாது. மகன் கப்பல் வேலையால வருமட்டும் அவன்ர கார் பத்திரமாக் கிடக்கும்."

லோஞ்ச் குடாவின் நடுவுக்கு வந்திருந்தது. தண்ணீர் அசைவில்லாமல் வெள்ளையாகக் கிடந்தது. அந்த அம்மா அதையே பார்த்துக்கொண்டு சொன்னார்:

"நாலு மணிக்குக் கடல்காத்து வரேக்கை மெல்ல மெல்ல மேல போகுது. முந்தி மகன் கார் கொண்டு வாற நேரம் அது. நான் குசினியில தேத்தண்ணிக்குத் தண்ணி வைச்சிடுறன்."

"ஆருக்கு?"

"தெரியேல்லை. கை தானா வைக்குது."

கணவர் சாக்கைக் காலால் மெல்லத் தள்ளினார்.

"அப்ப இந்த இரும்பு?"

"வாசல் படலையில கட்டுங்கோ. அது காத்துக்கு அடிச்சுக்கொண்டு கிடக்கு."

மூதூர்த் துறை தெரிந்தது. கணவர் சாக்கைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

"நாளைக்கு நான் அரைநாள் லீவு போடுறன். எனக்கும் சேத்துத் தண்ணி வை."