பின்மூலை போல்ட்

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் நம் மோட்டார் மெக்கானிக்குகள் சங்கத் தலைவர் ஆனந்தன் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, பட்டறையைச் சாத்திவிட்டு வந்திருக்கும் தொழில் தோழர்களே, நகரியிலிருந்தும் புத்தூரிலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கும் வாடிக்கையாளர்களே, முன்வரிசையில் இருக்கிற என் தங்கச்சி நிர்மலாவே! சித்தூர் ரோடு லேத் பட்டறை பரசுராமனின் வணக்கம்.

எனக்கு அழுகை வரவில்லை ஐயா. கோபம்தான் வருகிறது. போன வாரம் இதே மண்டபத்தில், ஒரு கல்யாணப் பந்தியில், என் பக்கத்தில் உட்கார்ந்து என் இலையிலிருந்த அப்பளத்தை எடுத்துத் தின்ற மனிதர் கங்காதரன். இன்றைக்கு அதே மண்டபத்தில் மாலையும் விளக்குமாகப் படத்தில் இருக்கிறார். இதை நான் எப்படி நம்புவது? யாரைக் கேட்டு இது நடந்தது? மூன்று முறை இந்த ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்துவிட்டேன். கனவாக இருந்தால் கலையட்டும் என்றுதான் தட்டினேன்.

அந்தப் படத்தைப் பாருங்கள். பிளெக்ஸ் கடைக்காரர் நல்ல மனதோடு முகத்தையும் கையையும் கம்ப்யூட்டரில் வெளுத்து வைத்திருக்கிறார். அது கங்காதரன் கையே அல்ல. நகக்கண்ணில் கிரீஸ் இல்லாத கங்காதரனை நாம் யாரும் பார்த்ததில்லை. தங்கள் கல்யாணப் போட்டோவிலும் அந்தக் கறை இருக்கிறது என்று நிர்மலாவே சொல்லுவாள்.

அவருக்குப் பல கங்காதரன்களுக்கு நடுவே ஒரு பட்டம் உண்டு. சைடு வால்வு கங்காதரன்! வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். இப்போது வருகிற என்ஜின்களில் வால்வெல்லாம் மேலே ஹெட்டுக்குள் இருக்கும். அந்தக் காலத்து பிளிமத், டாட்ஜ் வண்டிகளின் ஆறு சிலிண்டர் என்ஜினில் வால்வு சிலிண்டருக்குப் பக்கத்திலேயே நிற்கும். ஹெட் என்பது பலகை மாதிரி ஒரு தட்டை மூடி, அவ்வளவுதான். அந்த என்ஜின் எந்த ஊரில் படுத்தாலும் திருத்தணிக்குத்தான் வரும்.

வந்த என்ஜினை அவர் பழையபடியே கட்டிக் கொடுத்தாரா? இல்லை. ஆறு வோல்ட்டைப் பன்னிரண்டாக்கினார். டைனமோவைக் கழற்றிவிட்டு ஆல்டர்னேட்டர் மாட்டினார். இன்றைய பெட்ரோலைத் தாங்குகிற மாதிரி வால்வு உட்காருகிற இடத்தில் கெட்டியான சீட் இறக்கினார். ஹெட்டை அளவாகச் சீவச் சொல்லி என் உயிரை வாங்கி, இழுவையைக் கூட்டினார். எல்லாம் எதற்கு? வண்டி ரோட்டில் ஓடுவதற்கு. சென்னையிலிருந்து ஒரு பெரிய மனிதர் வந்து, ஓட்டப் போவதில்லை, கண்காட்சிக்கு மட்டும் வேண்டும் என்றார். இவர் எழுந்துகூட நிற்கவில்லை. நிறுத்தி வைக்கத்தான் என்றால் பொம்மை வாங்கிக்கொள்ளுங்கள், இது காய்கறி வாங்கப் போகிற வண்டி என்று அனுப்பிவிட்டார். வந்த கிராக்கியை விரட்டுகிறவனைப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன், திட்டியும் இருக்கிறேன்.

அவர் பட்டறையில் ஒரு வழக்கம். மற்றவர்கள் வண்டியை எடுத்ததும் பூசை போடுவார்கள். இவர் போட விடமாட்டார். வண்டிக்காரர் குடும்பம் மொத்தமும் உள்ளே ஏற வேண்டும். பிறகு நடுவில் நிறுத்தாமல், தண்ணீர் கொதிக்காமல், மலைப்பாதையில் கோவில் வரை ஏற வேண்டும். மேலே போய்ச் சேர்ந்த பிறகுதான் சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம். மச்சான் நான் கேட்டால், "ஏறாத வண்டிக்கு எலுமிச்சம்பழம் எதுக்கு பாவா?" என்பார். மலையில் பூக்கட்டுகிறவர்களுக்குக்கூட அவர் வண்டிச் சத்தம் தெரியும்.

பொதட்டூர்பேட்டையில் தறி வைத்திருக்கிற தமயந்தியம்மா மூன்றாவது வரிசையில் இருக்கிறார்கள். அவர்கள் அப்பா ஓட்டிய பிளிமத்தைத் தாமே ஓட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டவர்கள். எத்தனையோ பேர் அந்த என்ஜினைப் பிரித்து மாட்டினார்கள். ஒவ்வொரு முறையும் கொஞ்ச நாளில் கடைசி இரண்டு சிலிண்டரின் வால்வு மட்டும் கருகிப் போகும். கங்காதரன் எதைப் பிரித்தார் தெரியுமா? முதலில் வால்வைத் தொடவே இல்லை. முன்னால் இருக்கிற வாட்டர் பம்பைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

பிளாக்குக்குள் முன்னிருந்து பின்வரை ஒரு தகட்டுக் குழாய் போகும். பின் சிலிண்டருக்குக் குளிர்ந்த தண்ணீரைக் கொண்டுபோவது அதுதான். துருப்பிடித்துப் போனதால் குப்பை என்று நினைத்து, எவரோ அதை உருவி எறிந்துவிட்டார்கள். அது ஒரு பாகம் என்று பின்னால் வந்த யாருக்கும் தோன்றவே இல்லை. வெளியே தெரியாத பொருள், அது இல்லையென்றும் தெரியாது. பித்தளையில் ஒன்று செய்து கொடு என்று என்னிடம் வந்தார். முதல் குழாயை, ஓட்டையின் அளவு சரியில்லை என்று திருப்பினார். இரண்டாவதையும் திருப்பினார். எங்கள் தெருவே எங்கள் சண்டையை வேடிக்கை பார்த்தது. மூன்றாவது குழாய் உள்ளே போனது. இப்போது அந்த என்ஜினுக்குள் இருக்கிறது.

இனி நான் பேசப்போவதைத் தமயந்தியம்மா பொறுத்துக்கொள்ள வேண்டும். நிர்மலாவும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அவர் போன அன்று காலை கங்காதரன் அந்த என்ஜினுக்கு ஹெட் போல்ட் முறுக்கிக்கொண்டிருந்தார். நடுவில் தொடங்கி மூலைக்குப் போக வேண்டும். மூன்று சுற்று. கடைசிச் சுற்று, முறுக்கின் அளவை முள்ளில் காட்டுகிற டார்க் ரெஞ்சில். அவர் இழுப்பார், நிர்மலா முள்ளைப் படிப்பாள். கல்யாணமான நாளிலிருந்து அதுதான் முறை. அன்றைக்கு நிர்மலா கே.ஜி.கண்டிகையில் உறவினர் வீட்டு வளைகாப்புக்குப் போயிருந்தாள். டீக்கடை ஜெயம்மாள் காலி கிளாஸை எடுக்கப் போனபோது, ஸ்டூலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாராம். ஜெயம்மாள் கூப்பிட்டாராம். எழவில்லை. மாரடைப்பு என்றார்கள் மருத்துவமனையில். ஐம்பத்திரண்டு வயதில் என்ன ஐயா மாரடைப்பு!

அன்றிலிருந்து ஊர் பேசுகிறது. வண்டி காவு வாங்கிவிட்டது என்கிறார்கள். பாதி வேலையில் செத்தவன் கைபட்ட என்ஜின், குடும்பத்தை ஏற்றாதே என்று தமயந்தியம்மாவிடம் சொல்லியிருக்கிறார்கள். இன்று வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, பழைய இரும்புக்குப் போட்டுவிடலாமா அண்ணா என்று அழுதார்கள். அவர்கள் அழுதது வண்டிக்காக இல்லை, கங்காதரனுக்காக. இன்னொரு பக்கம் நிர்மலா யாரோடும் பேசுவதில்லை. என்னிடம் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். "நான் இருந்திருந்தா அவரு தனியா மாரடிச்சிருக்க மாட்டாரு அண்ணா."

நேற்று நான் பட்டறையைத் திறந்தேன். அவர் டார்க் ரெஞ்சை எடுத்தேன். அது கீழே விழுந்து கிடக்கவில்லை, கவனியுங்கள். துணியில் துடைத்து, மட்கார்டு மேல் விரித்த சாக்கில் வைக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு போல்ட்டாக வைத்துப் பார்த்தேன். நடுவில் சரி. முன்னால் சரி. பக்கத்தில் சரி. எல்லாம் அளவு பிசகாமல் மூன்றாவது சுற்று முறுக்கியிருந்தது. ஒன்றே ஒன்றைத் தவிர. பின்மூலையில், என்ஜினுக்கும் ஓட்டுகிறவர் காலுக்கும் நடுவே நிற்கிற தகட்டை ஒட்டி இருக்கிற போல்ட். குனிந்து இழுக்கிறவனுக்கு அங்கே முள் தெரியாது. இன்னொரு ஆள் பக்கவாட்டில் நின்று படிக்க வேண்டும்.

நேரே ஜெயம்மாளிடம் போனேன். டீ கொடுத்தபோது ஏதாவது சொன்னாரா அம்மா என்று கேட்டேன். சொன்னாராம். வேலை முடிஞ்சிதா என்று ஜெயம்மாள் கேட்டதற்குச் சிரித்துக்கொண்டே சொன்னாராம்: "ஒண்ணு பாக்கி கீது ஜெயம்மா. முள்ளு படிக்கிற ஆளு சாயங்காலம் வரும். அதுவரிக்கும் ஒக்காந்துகினு இருக்கவேண்டியதுதான்."

கேட்டீர்களா? அவர் வேலை பாதியில் விழுந்தவர் இல்லை. செய்ய வேண்டியதைச் செய்து முடித்து, ரெஞ்சைத் துடைத்து வைத்து, டீயைக் குடித்துவிட்டு, பெண்சாதி வருவாள் என்று உட்கார்ந்திருந்தவர். அந்த வண்டி அவரை என்ன செய்தது? ஒன்றும் செய்யவில்லை. நிர்மலா, நீ இல்லாததால் அவர் தனியாக அவதிப்பட்டார் என்று நினைக்கிறாயே. நீ வருவாய் என்ற நிம்மதியில் உட்கார்ந்திருந்தார் அம்மா. அதைச் சொல்லத்தான் இந்த மேடைக்கு ஏறினேன். மற்றதெல்லாம் எனக்குப் பேசத் தெரியாது.

தமயந்தியம்மா, அந்த என்ஜினை இரும்புக்குப் போடாதீர்கள். அவர் கட்டியதிலேயே நல்ல என்ஜின் அது, சண்டை போட்டவன் சொல்கிறேன். காரியம் முடியட்டும். உங்கள் குடும்பம் மொத்தமும் ஏறுங்கள், நீங்களே ஓட்டுங்கள். நான் முன்சீட்டில் உட்கார்ந்து வருகிறேன். காவு வாங்குகிற வண்டியென்றால் முதலில் என்னை வாங்கட்டும். சாவு விழுந்த வீட்டார் ஒரு வருஷம் மலையேறக் கூடாது, அதனால் நிர்மலா அடிவாரத்தில் நின்று சத்தம் கேட்கட்டும். நடுவில் நின்றதா இல்லையா என்று அவளுக்குக் காதிலேயே தெரியும்.

தமயந்தியம்மா தலையசைக்கிறார்கள். எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள். நன்றி அம்மா.

தோழர்களே, இனி சைடு வால்வு என்ஜின் திருத்தணிக்கு வந்தால் திருப்பி அனுப்பமாட்டோம். அவர் பட்டறை பூட்டியிருக்காது. நாங்கள் ஆளுக்கொரு வேலையாகப் பங்குபோட்டுக் கட்டுவோம். மேலே ஏறாமல் எலுமிச்சம்பழம் வைக்கமாட்டோம். இது சங்கத்தின் வாக்கு, இந்தப் பரசுராமனின் வாக்கு.

அந்தப் பின்மூலை போல்ட்டை நான் முறுக்கவில்லை. தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துவிட்டேன். நாளைக் காலையில் நான் இழுக்கிறேன். தங்கச்சி, கண்ணாடியை மறந்துடாம எடுத்துகினு வா. முள்ளு ரொம்பச் சின்னது.