சனிக்கிழமைத் தண்ணீர்

நல்ல நீச்சல் தடாகத்தில் குளோரின் மணக்காது, சேர். மூக்கைப் பிடிக்கிற மணம் வந்தால் குளோரின் கூடிப்போயிற்று என்று எல்லோரும் நினைப்பார்கள். பெரும்பாலும் அது குறைந்துவிட்டது என்றுதான் அர்த்தம். எண்ணெய், வியர்வை, சின்னப் பிள்ளைகளின் மூத்திரம் என்று எல்லாவற்றோடும் மல்லுக்கட்டிக் களைத்த குளோரின்தான் அப்படி மணக்கும். பொலிஸ் நிலையத்தில் இதைச் சொல்ல வேண்டியிருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை. ஆனாலும் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

என் பெயர் லெனாட். குருநகர் ஆள். எங்கள் வீட்டில் எல்லோரும் கடலுக்குப் போனார்கள். நான் டோகாவுக்குப் போய்ப் பதினொரு வருடம் ஒரு ஹோட்டல் தடாகத்தைப் பார்த்தேன். திரும்பி வந்தபோது, யாழ்ப்பாணத்தில் உந்த வேலைக்கு ஆர் கூப்பிடப் போகினம் என்று சொந்தக்காரர் சிரித்தார்கள். பிறகு வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் வீடு கட்டினார்கள், வீட்டோடு தடாகமும் கட்டினார்கள். சிரிப்பு நின்றுவிட்டது.

சோமசேகரம் ஐயா சுவிசில் முப்பது வருடம் இருந்துவிட்டுச் சாவகச்சேரியில் வந்து தனியாக இருப்பவர். முழங்கால் வருத்தத்துக்குத் தண்ணீருக்குள் நடக்கச் சொல்லி டொக்டர் சொன்னதால் தடாகம் கட்டினார். முதல் நாளே என்னிடம் கேட்டார்:

"லெனாட், கடைக்காரன் மூண்டு விதமான குளோரின் காட்டுறான். எது திறம்?"

அந்தக் கேள்வியை என்னிடம் ஒருவர் கேட்டு எவ்வளவு காலம் ஆகியிருந்தது. நான் ஐயாவை நாற்காலியில் இருத்தி விளக்கினேன். திரவக் குளோரின் ஊற்றிய உடனே வேலை செய்யும், தண்ணீரைக் கலக்காது. ஆனால் எங்கள் வெக்கையில் கேனுக்குள்ளேயே பலம் இழந்துவிடும். குறுணி பலமானது, நெடுநாள் இருக்கும். ஆனால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது. எங்கள் கிணற்றுத் தண்ணீரே கேத்திலில் வெள்ளை படிய வைப்பது. இரண்டும் சேர்ந்தால் தடாகம் பால்போல ஆகிவிடும். மாத்திரைபோல வில்லையாக வருகிற குளிசை மெதுவாகக் கரையும், வெயிலுக்கும் தாக்குப்பிடிக்கும். ஆனால் அதோடு வருகிற மருந்து தண்ணீரில் சேர்ந்துகொண்டே போகும், அவ்வப்போது கொஞ்சத் தண்ணீரை இறைத்து மாற்ற வேண்டும். ஆகவே அன்றாடம் குளிசை, கிழமைக்கு ஒருமுறை பொழுதுபட்ட பிறகு, எல்லோரும் வெளியேறியதும், கொஞ்சம் திரவம்.

"பொம்பிளை பாக்கிறதைவிடக் கரைச்சலாக் கிடக்கு," என்று ஐயா விழுந்து விழுந்து சிரித்தார்.

அதற்குப் பிறகு வந்த ஒரு வருடம்தான் என் வாழ்க்கையில் நல்ல வருடம். ஐயா காலையில் அரை மணித்தியாலம் நடப்பார். மீதி நாள் முழுவதும் தண்ணீர் எனக்கு. பக்கத்து வளவுத் தென்னைகள் அதில் ஓலை ஓலையாகத் தெரியும். வெயில் குளோரினைத் தின்கிறது என்று சொல்லி ஐயாவைக் கொண்டு கூரை போடுவித்தேன், பக்கங்களுக்குச் சுருட்டிவிடும் தார்ப்பாய்ப் படங்குகளும் கட்டுவித்தேன். எதைக் கேட்டாலும் "நீர் சொன்னாச் சரி" என்பார். நல்ல மனிதர்.

போன மாரியில், கல் உடைத்த கிடங்கொன்றில் தேங்கிய மழைத் தண்ணீரில் இரண்டு பிள்ளைகள் மூழ்கிப் போனார்கள். ஐயா செத்த வீட்டுக்குப் போய்வந்து இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் சொன்னார்:

"லெனாட், சனிக்கிழமையளிலை ஊர்ப் பிள்ளையளுக்கு நீச்சல் பழக்குவம். ஒரு சதமும் வாங்கக் கூடாது."

"தண்ணி பழுதாப் போகும் ஐயா."

"குளிக்காத தண்ணியை வைச்சு என்ன செய்யிறது?"

நான் வலையை எடுத்துக்கொண்டு தண்ணீரை வடிக்கப் போனேன்.

பழக்குவதற்கு டிலக்ஷி வந்தாள். அவளும் குருநகர்தான், இருபத்தாறு வயது. முட்டு வருத்தக்காரி, ஆஸ்துமா என்பார்களே அது. நீந்தத் தொடங்கிய பிறகுதான் நெஞ்சு இளகியது என்று சொல்லுவாள். நல்ல பிள்ளை, சேர். என்னை அண்ணை என்றுதான் கூப்பிடுவாள். பதினாலு பிள்ளைகள் தலையில் தேங்காய் எண்ணெய் வழிய, நெற்றியில் திருநீறும் சந்தனமுமாக வந்து நின்றார்கள். ஆரணி என்றொரு வாண்டு என்னிடம் கேட்டது: "மாமா, கடலுக்கு ஆர் குளோரின் போடுறது?" டிலக்ஷி சிரித்த சிரிப்பில் பிள்ளைகள் எல்லாம் சிரித்தன. நானும் சிரித்தேன்.

பின்னேரம் தண்ணீரின் மேல் எண்ணெய் வானவில் கட்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வடித்தேன். அடுத்த சனி மறுபடியும் அதே கோலம். குளித்துவிட்டு இறங்கவும் என்று பலகை எழுதி வைத்தேன். பிள்ளைகள் அதன் மேல் துவாய் காயப்போட்டார்கள்.

பிறகுதான் குளோரினைக் கொஞ்சம் கூட்டினேன். சோதனைக் குழாயில் வெளிர்மஞ்சளாக இருக்க வேண்டியது கடும் மஞ்சளாக வரும், அவ்வளவுதான். பிள்ளைகளின் கண்கள் சிவந்தன.

"அண்ணை, மருந்து கூடிப்போச்சுது போல," என்றாள் டிலக்ஷி.

"பிள்ளையள் கூடினா மருந்தும் கூடத்தானே வேணும்."

அவள் நம்பினாள். அடுத்த கிழமை தன் சம்பளத்தில் பதினாலு நீச்சல் கண்ணாடிகள் வாங்கி வந்தாள். பிள்ளைகள் தவளைகள் மாதிரி மகிழ்ச்சியாக இருந்தார்கள். அவளுடைய இந்தப் பிடிவாதம் எனக்குக் கவலை தந்தது. வைகாசியில் ஐயா ஞாயிறு வகுப்பும் தொடங்குவோம் என்றார். ஞாயிறு தண்ணீர் தெளிகிற நாள். ஒரு தண்ணீருக்கு ஓய்வே கொடுக்காமல் விடுவது நியாயமா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

அந்தச் சனிக்கிழமை ஒன்பது மணி வகுப்புக்குச் சற்று முன்பு நான் குளோரின் போட்டேன். எந்த வகை என்று யோசித்துத்தான் எடுத்தேன். குறுணி என்றால் கலங்கும், டிலக்ஷி கண்டுபிடித்துவிடுவாள். குளிசைக்கு அவசரம் தெரியாது. திரவம் பார்வைக்குத் தெரியாது. ஆட்கள் இறங்கப் போகிற தண்ணீரில் ஒருபோதும் சேரக் கூடாத அளவு ஊற்றினேன். வெயில் படாமல் படங்குகளையும் இறக்கிவிட்டேன். காற்றும் வராது என்பது எனக்குத் தெரியும். பிள்ளைகள் இருமுவார்கள், தாய்மார் ஏசுவார்கள், வகுப்பு நின்றுவிடும். அதற்கு மேல் நான் எதையும் விரும்பவில்லை.

பிள்ளைகள் இறங்கிச் சில நிமிடங்களில் இருமத் தொடங்கினார்கள். டிலக்ஷி விசில் ஊதினாள். கண்ணைத் திறக்க முடியாமல் அழுதவர்களை ஒவ்வொருவராகத் தூக்கி மேலே விட்டாள். எண்ணினாள்: பதின்மூன்று. ஆரணி ஆழமான பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டிலக்ஷி திரும்பப் பாய்ந்து அவளையும் கொண்டுவந்து கரையில் ஏற்றினாள். மிகவும் அழகாக நீந்துவாள், சேர். பிறகு ஏறி உட்கார்ந்து நெஞ்சைப் பிடித்தாள்.

ஒரு விசயத்தை நான் அன்றைக்குப் பொலிசுக்கு எழுதித் தந்த வாக்குமூலத்தில் சொல்லவில்லை. தண்ணீருக்குள் இறங்குமுன் அவள் தன் போனையும், முட்டு வந்தால் வாய்க்குள் அடிக்கிற மருந்துப் பம்மையும் என்னிடம்தான் தருவாள். நான் எப்போதும் கரையிலேயே நிற்கிற ஆள் என்பதால். அன்றும் தந்தாள். பம் என் சட்டைப் பையில் இருந்தது. அவள் என்னைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

நான் மோட்டர் அறைக்குப் போனேன். வடிகட்டியைக் கழுவ வேண்டியிருந்தது. அது ஐந்து நிமிட வேலை. அன்றைக்கு இரண்டு தரம் கழுவினேன். மோட்டர் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்று எழுதித் தந்திருந்தேன். அது சரியில்லை. பிள்ளைகள் "மாமா, மாமா, ரீச்சருக்கு மூச்சு வரேல்லை" என்று கதவில் அடித்தது நன்றாகக் கேட்டது.

ஐயாதான் முழங்கால் வலியோடு ஓடிவந்து அவளைக் காரில் ஏற்றினார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. பிள்ளைகள் இரண்டு நாளில் தேறிவிட்டார்கள். ஏதோ கூடிக் குறைந்துவிட்டது, முட்டுக்காரப் பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். செத்த வீட்டில் பெட்டியைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன். அவளுடைய தாய் பெர்னடெட் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "லெனாட் அண்ணை நிக்கிறார், பயமில்லை எண்டு சொல்லுறவள் தம்பி," என்று அழுதா. எனக்கும் கண் கலங்கியது. நான் கல்நெஞ்சுக்காரன் இல்லை.

மூன்று கிழமை தடாகத்தில் யாரும் இறங்கவில்லை. அடி மாபிளின் வரிகள்கூடத் தெரிந்தன. காலையில் போய் நின்றால் மனம் நிறைந்துவிடும்.

நேற்று ஐயா ஜெனிஸ்ரன் என்றொரு பெடியனைக் கூட்டிக்கொண்டு வந்தார். புதிதாகப் பழக்கப் போகிறவனாம். வாசலில் டிலக்ஷி நீச்சல் பள்ளி என்று பெயர்ப்பலகை. முப்பத்தொரு பிள்ளைகள் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.

"ஐயா, கொஞ்ச நாள் போகட்டும்," என்றேன்.

"அந்தப் பிள்ளை தொடங்கினதை நான் நிப்பாட்டேலாது, லெனாட். நீர் இருக்கிறீர்தானே, தண்ணியைப் பாத்துக்கொள்ளும்."

அதனால்தான் இன்று விடிந்ததும் பஸ் ஏறி உங்களிடம் வந்தேன். மனச்சாட்சி உறுத்தி வந்தான் என்று உங்கள் ஆட்கள் வெளியே பேசிக்கொள்கிறார்கள், பேசட்டும். விபத்து நடந்த தடாகத்துக்குப் பிள்ளையை அனுப்புகிற தாய் இருப்பாள். கொலை நடந்த தடாகத்துக்கு ஒருத்தியும் அனுப்ப மாட்டாள். ஆகையால் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள், சேர்: வேண்டுமென்றுதான் செய்தேன், அவள் சாவாள் என்று தெரிந்துதான் கதவைத் திறக்காமல் இருந்தேன். பேப்பர்க்காரர் வந்தால் தடாகத்தின் படத்தையும் போடச் சொல்லுங்கள்.